கீழ்ப்பாக்கத்தில் கற்ற வைத்தியம்

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகச் செல்பவர்கள் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியை நாள்தோறும் காண்கிறார்கள். அது 1960ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உருப்பெற்றதென்பதும் பலர் அறிந்ததே. அந்த ஆண்டுக்கு முன் 35 வருஷ காலம் அங்கே சித்தம், ஆயுர்வேதம், யூனானி என்னும் மூன்று வைத்திய முறைகளையும் சர்க்கார் செலவில் கற்பித்த வேறொரு கலாசாலை இருந்தது என்பதும், பகைவர் எவரும் இடிக்காமலேயே, தான் வளர்த்த மாணாக்கர்களாலேயே அது சிறிது சிறிதாகக் கைவிடப்பட்டது என்பதும் இக்காலத்தில் அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு தொழிலைப் பல வருஷம் பயின்று பட்டமும் பெற்றவர் அத்தொழிலை ஏன் துறக்கிறார் என்னும் கேள்வி வைத்தியத் துறையில் இன்று உலகெங்கும் எழுகின்றது. கீழ்ப்பாக்கத்தின் சரித்திரம் அதற்கு நம் ஊரிலேயே கிடைக்கும் ஓர் உத்தமமான திருஷ்டாந்தம்.

இந்தக் கேள்வி முற்காலத்தில் எழவே இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிற் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாஸனம் ஒன்று காணப்படுகிறது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்றும், அங்கே நாடி பார்த்து மருந்து கொடுத்த வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை செய்பவனுக்கு 30 கலம் நெல்லும் அளக்கப்பட்டன என்றும் அது கூறுகிறது. கத்தி எடுத்தவனுக்கு நாடி பிடித்தவரின் நெல்லில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது என்பதைப் பார்க்கையில், வைத்தியர்களுக்குள் ஏற்றத்தாழ்வு ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்து சேர்த்த சரக்கு என்று பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தக் குறைந்த கூலிக்காரனும் தொழிலை விட்டுப் போயிருக்க மாட்டான். போவதற்கு வேறு இடம் இல்லை. வித்தை தகப்பனிடமிருந்தோ குருவிடமிருந்தோ வந்தது. ஏட்டுச்சுவடியும், மானிய நிலமும், கைராசிக்காரர் என்ற பெயரும் பரம்பரைச் சொத்தாக இறங்கின. பரீட்சை எழுதித் தொழிலுக்குள் நுழையும் வழக்கம் ஏற்பட்ட பிறகுதான் தொழிலைவிட்டு வெளியேறும் வழக்கமும் ஏற்பட்டது.

அந்தப் புது வழக்கம் சென்னைக்கு 1835இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டித் திறக்கப்பட்ட வைத்தியப் பள்ளி 1850இல் கல்லூரியாயிற்று. பிறகு ராயபுரத்தில் ஒரு துணைப்பள்ளி தோன்றி, எல்.எம்.பி. என்னும் சிறு பட்டதாரிகளை ராஜதானி முழுவதற்கும் அனுப்பிற்று. 1914இல் சென்னைச் சட்டசபை வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. எளிய விஷயம் போலத் தோன்றும் இந்தப் பதிவேடு, பின்னர் நடந்தவற்றிற்கெல்லாம் மூல காரணமாக அமைந்தது. எவருடைய பெயர் அதில் உண்டோ அவரே சட்டத்தின் கண்ணுக்கு வைத்தியர். அவர் எழுதிக்கொடுக்கும் சான்றிதழுக்கே கச்சேரியில் மதிப்பு. தலைமுறை தலைமுறையாக ஊரைக் காத்த பண்டிதர் பெயரில்லாதவராய் நின்றார். பம்பாயில் இதே வகைச் சட்டத்தின்கீழ், ஆங்கில வைத்தியம் கற்ற போபட் பிரபுராம் என்பவர் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றோடு தொடர்பு வைத்திருந்த ஒரே காரணத்தால் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு வைத்தியங்களும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது என்று சட்டம் அன்று தீர்ப்பளித்தது.

சென்னை ராஜதானியில் அந்தத் தீர்ப்பை மாற்றி எழுத முயன்றவர் பனகல் ராஜா. நாட்டு மருந்துகளை ஆராய்வதற்காக நியமிக்கப்பட்ட டாக்டர் கோமன் அம்மருந்துகளின் பெருமையைக் குறைத்தே அறிக்கை தந்தார். நாடெங்கும் பண்டிதர்கள் கொதித்தெழுந்தார்கள். 1921இல் முதன்மந்திரியான பனகல் ராஜா, சம்ஸ்கிருதத்திலும் சுதேச வைத்தியத்திலும் அபிமானம் உள்ளவராதலால், முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டியை அமைத்தார். 1923இல் வெளிவந்த அதன் அறிக்கை சுதேச வைத்தியமும் சாஸ்திரமே என்று முழங்கியது. அதன் பயனாக 1925இல் கீழ்ப்பாக்கத்தில் இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது, எல்.ஐ.எம். என்னும் பட்டம் அதற்கு ஏற்படுத்தப்பட்டது.

பள்ளியின் முதல் தலைவரைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உஸ்மான் கமிட்டியின் காரியதரிசியாக இருந்த காப்டன் ஜி. ஸ்ரீநிவாசமூர்த்தி பி.ஏ., பி.எல். பட்டங்களோடு எம்.பி., ஸி.எம். என்னும் ஆங்கில வைத்தியப் பட்டத்தையும் பெற்றவர். முதல் உலக யுத்தத்தில் ராணுவ வைத்திய சேவையில் இருந்து காப்டன் ஆனவர். சுதேச வைத்தியத்தின் தத்துவத்தைப்பற்றி அவர் கமிட்டிக்கு எழுதிய நீண்ட குறிப்பு, பாரத தேசம் முழுவதிலும் அத்துறையினர் எடுத்துப் படித்த நூலாயிற்று. பிற்காலத்தில் அடையாறு பிரும்மஞான சங்கத்தின் நூலகத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். சட்டம் படித்து வக்கீலாகாமல், ஆங்கில வைத்தியம் படித்து அதிலேயே நில்லாமல், வாத பித்த கபங்களை ஆராய்ந்து, கடைசியில் சுவடிகளுக்கிடையே அமர்ந்த ஒருவர்தாம், கற்ற தொழிலை நம் மாணவர் விட்டுவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட பள்ளிக்குத் தலைவராக வாய்த்தார் என்பதை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் ஒவ்வொன்றாக விட்டதற்கும் அவருடைய மாணவர்கள் விட்டதற்கும் பெரிய பேதம் உண்டு. அவர் உயர்ந்த படியில் நின்றுகொண்டு, விருப்பப்பட்டு இறங்கி வந்தவர். பதிவேட்டில் அவர் பெயர் முன்னமே இருந்தது. மாணவர்களோ கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்தவர்கள்.

பாடத்திட்டமும் அவர்களை மேலே பார்க்கும்படியே பழக்கியது. சுதேச வைத்தியன் உடற்கூறும் ரண சிகிச்சையும் அறியாதவன் என்ற பழியை நீக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு, தேரையரையும் சரகரையும் கற்ற அதே மாணவனுக்குப் பிரேத பரிசோதனையும் மருந்தியலும் பிரசவ சிகிச்சையும் கற்பிக்கப்பட்டன. காலையில் நாடி நூல், பிற்பகலில் ஸ்டெதாஸ்கோப். இரண்டையும் ஒருவன் மனத்தில் இசைவித்துக்கொண்டால் அவன் இரு கண்களும் உடைய வைத்தியனாவான் என்பது ஸ்தாபகர்களின் கனவு. அக்கனவு தவறானதென்று நான் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் இரண்டையும் கற்பித்த சர்க்கார், சம்பளத்தையும் அதிகாரத்தையும் பதவி உயர்வையும் ஒன்றின் பக்கமே குவித்து வைத்திருந்தது. எல்.ஐ.எம். படித்தவருக்கு ஜில்லா போர்டும் நகரசபையும் நடத்திய சிறு வைத்தியசாலைகள் கிடைத்தன. ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. 1933இல் அமைந்த இந்திய மெடிகல் கவுன்சில் சட்டத்தின் அட்டவணையில் அவருடைய பட்டம் இடம்பெறவில்லை. அவர் வீட்டு வாயிலில் தொங்கிய பலகையில் ஆர்.ஐ.எம்.பி. (பதிவு பெற்ற இந்திய வைத்தியர்) என்னும் எழுத்துக்கள் இருந்தன. அடுத்த தெருவில் இருந்தவர் பலகையில் எம்.பி.பி.எஸ். என்று இருந்தது, பெண் கொடுக்க வந்தவர்கள் எந்தப் பலகையின்கீழ் நின்று கதவைத் தட்டினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொழிலின் உட்புறத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். காரணங்கள் எல்லாம் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. சோகை நோய்க்குச் சித்த வைத்தியர் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் அன்னபேதியைச் சுத்தி செய்ய வேண்டும். பிறகு கல்வத்தில் இட்டு, எலுமிச்சம்பழச் சாறு விட்டு, கை ஓய அரைக்க வேண்டும். அரைத்ததை வில்லை தட்டி, வெயிலில் உலர்த்தி, அகலில் பரப்பி, மேலே மற்றோர் அகலால் மூடி, இரண்டின் வாயையும் சேர்த்துச் சீலைமண் செய்து, மண்ணும் காய்ந்த பின் வறட்டி அடுக்கிப் புடமிட வேண்டும். புடம் தானாக ஆறும்வரை காத்திருந்து திறந்து பார்த்தால் செக்கச் சிவந்த பொடி இருக்க வேண்டும். நிறம் கூடவில்லையானால் மறுபடியும் கல்வம், மறுபடியும் சாறு, மறுபடியும் புடம். இந்த அன்னபேதியும், இங்கிலீஷ் மருந்துக் கடையில் சோகைக்கு விற்கும் பெர்ரஸ் சல்பேட் மாத்திரையின் மூலச்சரக்கும் ரசாயனப்படி ஒரே உப்புத்தான். கீழ்ப்பாக்கத்து மாணவன் தன் ரசாயன வகுப்பிலேயே அதை அறிந்துகொண்டான். புடம் போடுவதால் சரக்கின் குணம் மாறுகிறது, அதுவே இந்த வித்தையின் உயிர் என்று ஆசிரியர் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை. ஆனால் படித்து முடித்துத் தனியாக ஒரு சிற்றூரில் போய் உட்கார்ந்த பிறகு, வறட்டி வாங்கவும் அரைக்க ஆள் வைக்கவும் கையில் பணமில்லாத வேளையில், புட்டி நிறைய மாத்திரை தபாலில் வந்து இறங்குகிறது என்றால் அவன் எந்தப் பக்கம் சாய்வான்?

நோயாளியும் அவனைச் சும்மா விடவில்லை. 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், யுத்தம் முடிந்த தறுவாயில் பெனிசிலினும் வந்தன; நிமோனியாவில் கிடந்தவன் இரண்டொரு நாளில் எழுந்து உட்காருவதைக் கிராமத்தார் கண்ணாலே கண்டார்கள். அதன்பின் சூரணத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, புளி நீக்கி, கடுகு நீக்கி, ஒரு மண்டலம் பத்தியம் இருக்கச் சொல்லும் வைத்தியர் முன்னே வந்து நின்று, "ஒரே ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க ஐயா, நாளைக்கு அறுப்புக்குப் போகணும்" என்று கேட்கும் குடியானவனைக் குறை சொல்ல முடியுமா? ஊசி போட மறுத்தவர் வீட்டுத் திண்ணை காலியாயிற்று. போட்டவர், தாம் கற்ற இரண்டு வித்தைகளில் ஒன்றை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றினார். பலகை மாறவில்லை, தொழில் மாறிவிட்டது. தொழிலைத் துறந்தவர்களில் மிகப் பெரிய தொகையினர் இந்த வகையினரே. பலகை மாறாமையால் எந்தக் கணக்கிலும் அவர்கள் அகப்படுவதில்லை.

சுதந்திரம் வந்த சமயத்தில் இரண்டு பெரிய அறிக்கைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சென்றன. ஜோஸப் போர் தலைமையில் அமைந்து 1946இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதற்கும் ஒரே தரமான அடிப்படை வைத்தியர் போதும், எல்.எம்.பி. போன்ற குறுகிய படிப்புகள் இனி வேண்டாம் என்றது. அந்நாளில் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 47,500 வைத்தியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தக் குறுகிய படிப்புக்காரர்களே. சுதேச வைத்தியத்தை அக்கமிட்டி அந்தந்த மாகாணத்தின் விருப்பத்துக்கு விட்டு ஒதுங்கிக்கொண்டது. 1948இல் ராம்நாத் சோப்ரா தலைமையில் வந்த அறிக்கையோ, இரண்டு வைத்தியங்களையும் ஒன்றாக இணைத்தே கற்பிக்கலாம் என்று ஆதரவு காட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவே 1947இல் கீழ்ப்பாக்கத்துப் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, ஜி.ஸி.ஐ.எம். என்னும் பட்டம் வழங்கத் தொடங்கியது. பாடத்தில் ஆங்கில வைத்தியத்தின் பங்கு மேலும் பெருகிற்று. மாணவர்களிலும் கணிசமானோர் சென்னை மருத்துவக் கல்லூரியிலோ ஸ்டான்லியிலோ இடம் கிடைக்காமையால் இங்கே வந்து சேர்ந்தவர்கள். டாக்டராக வேண்டும் என்பது அவர்கள் கருத்து, சித்த வைத்தியராக வேண்டும் என்பதன்று. விருப்பமின்றி நுழைந்தவன் வாயிலருகிலேயே நிற்பான். கதவு சிறிது திறந்தாலும் வெளியே போய்விடுவான்.

கதவு திறக்கவும் செய்தது. 1950களில் பல மாகாணங்களில் இத்தகைய கலப்பு வைத்தியக் கல்லூரிகளின் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து, தங்களை எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மாற்றவேண்டும் என்று கிளர்ச்சி செய்தார்கள். 1958இல் மத்திய சர்க்கார் இந்நிலைமையை ஆராய ஒரு கமிட்டியை நியமித்தது. அதன் தலைவர் கே.என். உடுப்பா. இவரும் காசி ஹிந்து சர்வகலாசாலையில் ஆயுர்வேதப் பட்டம் பெற்று, பிறகு அமெரிக்காவில் மிச்சிகனுக்குப் போய் ரண சிகிச்சை கற்று, அறுவை நிபுணராகத் திரும்பி வந்தவர்! கலப்புக் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கில வைத்தியமே செய்கிறார்கள் என்னும் உண்மையை எடுத்துரைக்க அவரினும் தகுதி உடையவர் யார்? அச்சர்வகலாசாலையை நிறுவிய மாளவியா பேரன்போடு வளர்த்த அந்தக் காசி ஆயுர்வேதக் கல்லூரியே 1960இல் நவீன மருத்துவக் கல்லூரியாக மாறிற்று. அதே 1960இல், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கீழ்ப்பாக்கமும் மாறிற்று. முன்னர் எல்.ஐ.எம்., ஜி.ஸி.ஐ.எம். பெற்றவர்களில் பலர் சுருக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்து, பழைய எழுத்துக்களோடு புதிய எழுத்துக்களையும் பலகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போய்விடவில்லை, இருந்தவர்களைச் சொல்லாமல் விடுவது அநியாயம். இன்றும் சித்த மருத்துவ மாணவர்கள் கையில் வைத்துப் படிக்கும் குணபாடம் தாது ஜீவ வகுப்பை எழுதிய ர. தியாகராஜன், தம் பெயருக்குப் பின்னால் எல்.ஐ.எம். என்று போட்டுக்கொண்டவர். சித்த மருத்துவ வரலாறு எழுதிய க.ச. உத்தமராயனும், பொது மருத்துவம் எழுதிய குப்புசாமி முதலியாரும் அத்தகைய எழுத்துக்களோடு விளங்கியவர்களே. இவர்களுக்குச் சற்று முன்னரே டி.வி. சாம்பசிவம் பிள்ளை வைத்தியப் பேரகராதியைத் தொகுக்கத் தொடங்கியிருந்தார். அவர் எந்த வைத்தியப் பள்ளியிலும் பட்டம் பெறவில்லை, சென்னைப் போலீஸ் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அதற்கும் முந்தைய தலைமுறையில் ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் ஆசிரியர் வேலையை உதறிவிட்டுச் சித்த வைத்தியம் செய்து, பெரும் பொருள் ஈட்டி, அப்பொருளைக் கொண்டு சங்கீத ஆராய்ச்சி செய்து "கருணாமிர்த சாகரம்" எழுதி வெளியிட்டார். உத்தியோகத்தைவிட்டு வைத்தியத்துக்கு ஆள் வந்த காலமும் இருந்தது என்பதற்காகவே இவ்விருவரையும் குறிப்பிடுகிறேன். ஆபிரகாம் பண்டிதருக்கு யாரும் பதிவேடு நீட்டவில்லை. அவருடைய மாத்திரையை வாங்கியவர்கள் அவர் பெயருக்குப் பின்னே என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. பட்டம் கொடுத்துக் கௌரவம் செய்யப்போக, அந்தப் பட்டமே இவன் இரண்டாந்தர வைத்தியன் என்று ஊருக்கு அறிவிக்கும் தண்டோராவாக முடிந்தது கீழ்ப்பாக்கத்தின் துர்ப்பாக்கியம்.

ஆகையால், பணத்தாசை பிடித்து ஓடினார்கள், சுதேச அபிமானம் இல்லாதவர்கள் என்று அந்த மாணவர்களைப்பற்றிப் பிற்காலத்துச் சபைகளில் கேட்ட வசை எனக்கு உடன்பாடன்று. அபிமானம் இருந்தவர்கள் மேடையில் பேசினார்கள். ஜுரத்தோடு வந்த குழந்தையின் எதிரே உட்கார்ந்தவர்கள் இந்த மாணவர்கள். பணமும் ஒரு காரணமே. ஆனால் அதைவிடப் பெரியது, சமமாகப் படித்தும் சமமாக மதிக்கப்படாமையால் விளைந்த மனப்புண். எல்.எம்.பி. படித்தவர்களும் இதே புண்ணோடு இதே சுருக்கப்பட்ட படிப்பின் வழியே எம்.பி.பி.எஸ். ஆனார்கள், அவர்களை எவரும் துரோகி என்று சொல்லவில்லை.

1964 நவம்பரில் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கென்றே தனிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1970இல் இந்திய வைத்திய மத்தியக் கவுன்சில் சட்டம் வந்தது. அதன்படி சித்த வைத்தியர்களுக்கும் ஒரு மத்தியப் பதிவேடு கிடைத்தது. 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. ஆனால் பழைய வழக்கு தீர்ந்துவிடவில்லை. சுதேச வைத்தியம் கற்றவர் நவீன மருந்துகளைக் கையாளலாமா என்ற பிரச்சினை முக்தியார் சந்த் வழக்காக உச்சநீதிமன்றம் வரை சென்றது. மாநிலச் சட்டம் இடங்கொடுத்தால் மட்டுமே கையாளலாம் என்று 1998இல் தீர்ப்பாயிற்று. 2010 செப்டம்பரில், முறையாகக் கல்லூரியில் பயின்ற சித்த, ஆயுர்வேத, யூனானி, ஹோமியோபதி வைத்தியர்கள் தாம் பெற்ற பயிற்சிக்கு ஏற்ப நவீன மருத்துவமும் செய்யலாம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. ஆங்கில வைத்தியர்கள் எதிர்த்தார்கள், மற்றவர்கள் வரவேற்றார்கள். சித்த வைத்தியர் சித்த வைத்தியம் ஒன்றையே செய்து அதே சம்பளமும் அதே மரியாதையும் பெறுவதற்கு வழி என்ன என்பது அந்த ஆணைக்குரிய விஷயமாகக் கொள்ளப்படவில்லை.